விரற்கடையில் நின்ற கை

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எனக்கு முன்பு பேசி மாஸ்டரை வானளாவப் புகழ்ந்துவிட்டு இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இடம் பிடித்தவர்களே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஐந்து நிமிடம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தலைவர் எவ்வளவு நேரம் பேசினார் என்று நான் பார்க்கவில்லை. அவர் தொடங்கியபோது அந்த ஜன்னலில் வெயில் இருந்தது. இப்போது விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

முதலில் இதைக் கேளுங்கள்.

கேட்டதா? முன்வரிசையில் இரண்டு பேர் தோளைக் குறுக்கினீர்கள், நான் பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு பலகை. ஒன்றின்மேல் ஒன்றை அடித்தால் இந்தச் சத்தம். இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப் பேர் இருப்பீர்கள். பள்ளி ஆண்டு விழா, கடைத் திறப்பு, கட்டடத் திறப்பு, எதுவானாலும் அண்ணன் மாஸ்டரும் அவர் தம்பியும் வந்து மேடையில் மோதுவார்கள். தம்பி காற்றில் சுழன்று வந்து உதைப்பான். படார் என்று கேட்கும். நீங்கள் ஐயோ என்பீர்கள், உங்கள் பிள்ளைகள் உங்கள் மடியில் ஏறிக்கொள்ளும். அந்தப் படார் காலிலிருந்து வரவில்லை, கன்னத்திலிருந்தும் வரவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, திரைச்சீலை ஓட்டை வழியாகப் பார்த்து, கால் போகும் நேரத்துக்குச் சரியாக இந்தப் பலகையை அடித்தவள் நான். அதனால்தான் எனக்குப் பலகைக்காரி என்று பேர். இன்று நாம் யாரை இழந்து இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த மாஸ்டர் ஒருவர்தான் கடைசிவரை என்னை அக்கா என்று கூப்பிட்டார்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய படம் கட்டியிருக்கிறீர்கள். மாஸ்டர் இளவயதில் இரண்டு காலும் தரையில் இல்லாமல் ஆகாயத்தில் நிற்கிறார். கீழே பறக்கும் வேங்கை என்று போட்டிருக்கிறது. இந்தப் படத்தை எங்கே பிடித்தீர்கள்? அவர் வீட்டில் இருந்திருக்காது. அவர் வீட்டில் இருந்ததை அவர் கிழித்துப் போட்டபோது, துண்டுகளைக் கூட்டி அள்ளியவள் நான். முப்பது வருஷமாகத் தரையைவிட்டுக் காலைத் தூக்காத மனிதரை, செத்த பிறகு பிடித்துப் பறக்க விட்டிருக்கிறீர்களே, இது நியாயமா?

தலைவர் தம் பேச்சில் ஓர் அறிவிப்பும் செய்தார். அடுத்த மாதத்திலிருந்து மாஸ்டரின் கொட்டகை வேங்கை தற்காப்புச் சாகசக் கூடம் ஆகிறதாம். கரணமும் சுழற்சியும் அங்கே கற்றுத் தருவார்களாம். சாயங்கால வகுப்புக்குக் கூட்டம் வருவதில்லை என்பதால் அது நிறுத்தப்படுகிறதாம். நீங்கள் கைதட்டினீர்கள். சுவரோரம் நிற்கும் பிள்ளைகள் தட்டவில்லை. அவர்கள்தான் அந்தச் சாயங்கால வகுப்பு. அந்தக் கைதட்டலுக்குத்தான் இன்றைக்கு நான் பதில் சொல்ல வந்திருக்கிறேன். மாஸ்டரைப் பற்றிச் சொன்னாலே அது பதிலாகிவிடும்.

அச்சகத்துக்குப் பக்கத்துச் சங்கக் கொட்டகை உங்களுக்குத் தெரியும். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, மழை பெய்தால் பேசுவது கேட்காது. அதற்கு அடுத்த வீடு என்னுடையது. அண்ணனும் தம்பியும் அங்கே பழகினார்கள், பழக்கினார்கள். உடுப்புத் தைத்தது நான், கிழிந்ததை ஒட்டுப் போட்டதும் நான். தம்பியைக் காற்றாடி என்று ஊரே கூப்பிட்டது. அவன் குதிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அலமாரி மேலிருந்து பூனை இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? சத்தமே வராது. அப்படி இறங்குவான். மேலே இருக்கும்போது ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் வருகிறானோ என்று தோன்றும். எனக்கே பலகை அடிக்க மறந்துபோகும். இறங்கி வந்து, "அக்கா, இன்னிக்கு என்னைப் பாத்துக்கிட்டே இருந்துட்டீங்க, உதை ஊமையாப் போச்சு" என்பான்.

அந்தக் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. மாஸ்டர் போட்ட சட்டம். குத்து எவ்வளவு வேகமாக வந்தாலும் எதிராளியின் முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்க வேண்டும். மாஸ்டர் தம் ஆள்காட்டி விரலைத் தம் மூக்கின்மேல் குறுக்கே வைத்துக்கொண்டு நிற்பார். பழகுகிறவன் குத்த வேண்டும். விரலைத் தொட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்கக் கொட்டகையைச் சுற்றி ஓட வேண்டும். தூரமாக நின்றாலும் போச்சு. சரியாக ஒரு விரற்கடை. பார்க்கிறவர்களுக்கு அடி விழுந்த மாதிரியே இருக்கும், சத்தத்துக்கு என் பலகை இருக்கிறது. ஊரில் யாருக்கும் பல் உடையவில்லை. நல்ல சட்டம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சட்டத்தை எல்லோரையும்விட நன்றாகப் பழகியவன் காற்றாடி. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவன் கை விரற்கடையில் நிற்கும். அண்ணன் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். "தூக்கத்துல குத்தினாக்கூட நிக்கும்க்கா" என்று.

ஒரு மத்தியானம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டயர் கடை வரிசையில் ஓர் ஆள் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். புருஷனா, வேறு யாரோ, தெரியாது. அந்தப் பெண் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல வெயில். கடைகள் எல்லாம் திறந்திருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றாடி அந்த வழியாக வந்தான். கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். இரண்டு எட்டு ஓடி, எம்பிச் சுழன்றான்.

கூட்டம் விலகியது. ஓ என்றது. அத்தனை அழகாக அதற்கு முன்பு அவன் சுழன்றதில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கால் அந்த ஆளின் தலைக்கு மேலே போனது. மேடையில் அண்ணன் அந்த நேரத்தில் சரியாகக் குனிவார். எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று அண்ணனுக்குத் தெரியும். இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பாட்டுக்கு நின்றான். காற்றாடி அவனுக்கு நேரே வந்து இறங்கினான், மூக்குக்கு மூக்கு. குத்து போனது.

அப்புறம் நடந்ததை டயர் கடைக்காரர் என்னிடம் சொன்னார். அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்கிறேன்.

"நின்னுச்சும்மா. கை அந்தாளு மூக்குக்கு முன்னாடி நின்னுச்சு. ஒரு ஈ உக்கார்ற அளவு இடம். அந்தாளு அடி விழப்போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டான். விழலை. கண்ணைத் திறந்து பாத்தான். அப்பதான் குனிஞ்சு என் கம்பியை எடுத்தான்."

டயர் கழற்றும் கம்பி. அந்த ஆள் விரற்கடை பழகாதவன்.

அன்றைக்குப் பலகை அடிக்க அங்கே யாரும் இல்லை. சத்தம் தானாகவே வந்தது என்றார் டயர் கடைக்காரர். அவர் அந்தக் கடையை அப்புறம் நடத்தவில்லை.

பெரியோர்களே, காற்றாடிக்கு இரங்கல் கூட்டம் நடந்ததும் இதே மண்டபத்தில்தான். நாற்காலிகள்தான் வேறே. அன்றைக்கும் பின்னால் ஒரு படம் கட்டியிருந்தார்கள், காற்றாடி ஆகாயத்தில் நிற்கும் படம். சிங்கம் போலப் பாய்ந்து பறந்தபடியே உயிர் நீத்தான் என்று ஒருவர் பேசினார். பறந்தபடியே சாகவில்லை. பறந்து முடித்து, இறங்கி, கையை நிறுத்தி, அப்புறம் செத்தான். இதைச் சொல்ல மேடையில் யாருக்கும் நாக்கு எழவில்லை. கடைசியாக மாஸ்டரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி முன்னால் வந்து நின்றார். வலது கையின் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். இந்த விரல், என்றார். அவ்வளவுதான். உயர்த்தியபடியே நின்றார்.

என் தம்பியைக் கொன்றது இந்த விரல் என்றுதான் அவர் சொன்னார். மூக்கின்மேல் வைத்துப் பழக்கின விரல். மேடைக்குப் பின்னால் என் முக்காலியில் இருந்த எனக்கு அது அப்படித்தான் கேட்டது. கூட்டத்துக்கு வேறே மாதிரிக் கேட்டது. வெற்றி என்கிறார், ஒற்றுமை என்கிறார், தம்பி ஒருத்தன் போனால் என்ன என்கிறார் என்று ஆளுக்கொன்றாக நினைத்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள். தம்பியைப் பறிகொடுத்தவன் தன் விரலைக் காட்டி அழுகிறான், நீங்கள் கைதட்டினீர்கள். முதலில் தட்டியது யார் என்று எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். மேடையில் இடப்பக்கமிருந்து இரண்டாவது நாற்காலி.

தண்ணீர் குடியுங்கள், தலைவரே. நான் இன்னும் முடிக்கவில்லை.

மறுவாரம் மாஸ்டர் கொட்டகையைத் திறந்தார். பழகுகிறவர்கள் எல்லாம் வெள்ளை உடுப்போடு வரிசையில் நின்றார்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார். இப்போது குதி, என்றார். முதலில் குதித்தவர் நம் செயலாளர். ஊரே அவரைக் கரணம் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கரணம் குதித்தார், இறங்கின இடத்தில் முழங்கால் பிசகியது. என்ன மாஸ்டர், தரையெல்லாம் ஈரம் என்றார். மாஸ்டர், "தெருவைத் துடைச்சு வச்சுட்டாடா உன்னை அடிக்க வருவாங்க?" என்று கேட்டார்.

அன்றோடு வெள்ளை உடுப்புப் போனது. வேலைக்குப் போகிற உடுப்போடு வா, செருப்போடு வா, தோளில் பையோடு வா என்றார். உடுப்பு மாற்றிக்கொண்டு வருகிறேன், கொஞ்சம் இரு என்று அடிக்க வருகிறவனிடம் சொல்ல முடியுமா? கொட்டகைக்குள் பழைய பேருந்து இருக்கை இரண்டைக் கொண்டுவந்து நெருக்கிப் போட்டார். அதற்கு நடுவில் நின்று பழகு என்றார். காலைத் தூக்க இடமிருக்காது. கையை முழுசாக நீட்டவும் இடமிருக்காது. முழங்கை, உள்ளங்கையின் அடிப்பாகம், குதிகால், நெற்றி, இவ்வளவுதான் மிச்சம். பார்க்க ஒன்றும் இருக்காது. பார்க்க ஒன்றுமில்லாததைக் காசு கொடுத்து யார் பழகுவார்கள்? ஒரு வருஷத்தில் கொட்டகை பாதி காலியானது. போனவர்களைக் கூட்டிக்கொண்டு கரணம் வேறொரு வகுப்புத் தொடங்கினார். தலைவர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். எனக்கு அழைப்பு வரவில்லை. வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன், ஆனால் வரவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

குதிப்பதை நிறுத்துவது சுலபம். நின்றுபோன கையை ஓடவைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இதைக் கொட்டகைக்கு வெளியே யாரும் நம்ப மாட்டார்கள். பழைய ஆட்கள் எவனாலும் அடிக்க முடியவில்லை. கை போகும், விரற்கடையில் நிற்கும். மணல் மூட்டையைத் தொங்கவிட்டார். மூட்டைக்கு முன்னாலும் நின்றது! மூட்டைக்கு மூக்கா இருக்கிறது? இருந்தாலும் நின்றது. புதிதாக வந்த பெண்களுக்கு வேறே கஷ்டம். அவர்களுக்கு யாரும் விரற்கடை சொல்லித் தரவில்லை, ஆனால் பிறந்ததிலிருந்தே கையைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். அவர்கள் கையும் நின்றது.

அதோ மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாளே, பேருந்து நடத்துநர், சீருடையோடு வந்திருக்கிறாள், முறை முடிந்து நேராக வந்தவள். அவள் கை மாதக்கணக்கில் நின்றது. மாஸ்டர் தம் முகத்தையே கொடுத்துக்கொண்டு நிற்பார். "ஏம்மா, என் மூக்கு என்ன கண்ணாடியா? உடைஞ்சா ஒட்டிக்கிறேன், அடி" என்பார். அவள் அழுவாள். மாட்டேன் மாஸ்டர், உங்களைப் போய் எப்படி மாஸ்டர் என்பாள். ஒருநாள் பேருந்தில் என்ன நடந்ததோ, கண் சிவந்து வந்தாள். அன்றைக்கு அடித்தாள். இரத்தம் சட்டையெல்லாம். என் வீட்டுத் துணியைக் கிழித்துக் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் சிரித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவருடைய மூக்கு அதற்கப்புறம் நேராகவே இல்லை. உங்கள் படத்தில் நேராக இருக்கிறது, பாருங்கள்.

அடிப்பது இரண்டாவது பாடம். முதல் பாடம் கத்துவது. ஒருவன் கையைப் பிடித்தால் முதலில் அடைப்பது தொண்டை என்பார். வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. காப்பாற்றுங்கள் என்பது நீளமான வார்த்தை, பாதியிலேயே மூச்சுப் போய்விடும். விடு என்று கத்து. இரண்டே எழுத்து, அடிவயிற்றிலிருந்து வரும். பெண்கள் சுவரைப் பார்த்து நின்று விடு விடு என்று கத்துவார்கள். பக்கத்து அச்சகக்காரர் ஒருநாள் ஓடிவந்து, "நான் யாரையும் பிடிக்கலையேம்மா, எதுக்குத் தினமும் என் சுவத்தைப் பாத்துக் கத்தறீங்க?" என்றார். நாங்கள் சிரித்தோம். அப்புறம் அவர் சங்கத்தில் முறையிட்டார். சங்கம் மாஸ்டருக்கு எச்சரிக்கை அனுப்பியது. பயிற்சி அமைதியாக நடைபெற வேண்டுமாம். அமைதியாக! யார் கையெழுத்துப் போட்டார்கள்? இடப்பக்கமிருந்து இரண்டாவது நாற்காலி.

மூன்றாவது பாடம் ஓடுவது. பிடி தளர்ந்ததும் நின்று பார்க்காதே, ஓடு என்பார். இதற்காகத்தான் ஊர் அவருக்கு ஓட்ட மாஸ்டர் என்று பேர் வைத்தது. சங்கத்தின் ஆண்டு விழாவில் கரணம் மேடைக்குக் கூப்பிட்டு அவரைச் சண்டைக்கு இழுத்தார். நினைவிருக்கிறதா? கரணம் அவரைச் சுற்றிச் சுற்றிச் சுழன்றார், முன்னால் ஒரு கரணம், பின்னால் ஒரு கரணம். நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று விசிலடித்தீர்கள். மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். படிக்கட்டில் இறங்கினார். செருப்பைப் போட்டார். "எனக்கு வழி கிடைச்சிருச்சு, வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மண்டபமே சிரித்தது. நான் அவர் பின்னாலேயே போனேன். ஏன் தம்பி, ஒன்று போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவர் சொன்னார்: "குதிக்கறது தப்பில்லக்கா. என் தம்பி குதிச்சப்ப நானும் வாயைப் பொளந்து பாத்தவன்தான். குதிக்கறதைச் சண்டைன்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் தப்பு. அவன் அதை நம்பிட்டான்."

அவன் அதை நம்பிவிட்டான். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இந்த வயதில் இந்த மேடையின் படிக்கட்டை ஏறினேன்.

மாஸ்டரிடம் பழகியவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. இரங்கல் கூட்டத்தில் பொய் சொல்வது வழக்கம், எனக்கு அந்த வழக்கம் இல்லை. துணிக்கடையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி, கிடங்கறையில் மேற்பார்வையாளன் கதவை மறித்தபோது, விடு என்று கத்தி, உள்ளங்கையால் மூக்கில் ஒன்று வைத்துவிட்டு நடந்து வெளியே வந்தாள். வேலை போனது. அவனுக்கு மூக்கில் கட்டு, வேலை இருந்தது. மாஸ்டர் கடை வாசலில் போய் நாள் முழுக்க நின்றார், உள்ளே விடவில்லை. அவள் இப்போது சுவரோரம் நிற்கிறாள். கிடைத்த நியாயம் அவ்வளவுதான்.

இன்னொருத்தி ரொட்டிக் கடையில் வேலை செய்தவள். மெலிந்த உடம்பு, நல்ல குரல். அவளைப் பின்தொடர்ந்தவன் ஒருவன் இருந்தான். கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் சந்தில் மறித்தான். அவள் கத்தினாள். அடித்தாள். ஓடினாள். மாஸ்டர் சொல்லித் தந்தது எல்லாவற்றையும் செய்தாள். சந்தின் இரண்டு பக்கமும் வீடு. கேட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கடைசி வீட்டுக் கதவைத் தட்டியபடியே நின்றவளை அவன் பிடித்துவிட்டான். அவள் இன்று இல்லை. அவளுக்கு இந்தச் சங்கம் கூட்டம் நடத்தவில்லை. பறக்கிற படம் அவளிடம் இல்லையே.

அதற்கப்புறம் மாஸ்டர் பல நாள் கொட்டகைக்கு வரவில்லை. என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "கத்தறதுக்குச் சொல்லிக் குடுத்தேன். கேக்கறவங்களுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையேக்கா" என்றார். எழுந்து போய்க் கொட்டகையைத் திறந்தார். அன்றிலிருந்து பாதிப் பேரைக் கொட்டகைக்கு வெளியே சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். உள்ளே இருப்பவள் விடு என்று கத்தினால், வெளியே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து வர்றோம் என்று திருப்பிக் கத்த வேண்டும். கத்திக்கொண்டே ஓடி வர வேண்டும். தனியாக வரக்கூடாது, பக்கத்தில் இருப்பவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஆண்களும் பழகினார்கள். முறையிட்ட அச்சகக்காரர் இருக்கிறாரே, அவரே ஒருநாள் மை ஒட்டின கையோடு வந்து சுவரோரம் நின்றார். "தினமும் கேக்கறேன், பதில் சொல்லாம எப்படி இருக்கறது?" என்றார். அதோ, இங்கேதான் இருக்கிறார், மறைந்துகொள்ளாதீர்கள் ஐயா.

"எங்கிட்ட வந்தா ஜெயிச்சிருவேன்னு நான் யாருக்கும் சொன்னதில்லக்கா, வீட்டுக்குப் போற வழியைக் கொஞ்சம் அகலமாக்கறேன், அவ்வளவுதான்" என்று சொல்வார். பறக்கும் வேங்கை சொல்லக்கூடிய வார்த்தையா இது? ஓட்ட மாஸ்டர் சொன்ன வார்த்தை. அந்தப் பேரைச் சிரிப்பதற்காக வைத்தீர்கள். நான் அதைப் பட்டமாகவே சொல்கிறேன். ஓட்ட மாஸ்டர் அவர்கள் மறைந்துவிட்டார். ஓட்ட மாஸ்டர் அவர்களுக்காகத்தான் நான் அழுகிறேன். வேங்கைக்காக நீங்கள் அழுதுகொள்ளுங்கள்.

தலைவரே, இப்போது உங்கள் அறிவிப்புக்கு வருகிறேன். கரணம் கற்றுத் தாருங்கள். தாராளமாகத் தாருங்கள். பிள்ளைகள் குதிக்கட்டும், உடம்பு வளையும், கண்ணுக்கு அழகு. நான் வந்து பலகைகூட அடித்துத் தருகிறேன். ஆனால் பெயர்ப்பலகையில் எழுதப் போகிறீர்களே ஒரு பேர், அதிலிருந்து தற்காப்பு என்ற வார்த்தையை எடுங்கள். வித்தை என்று போடுங்கள், சாகசம் என்று போடுங்கள், ஆட்டம் என்று போடுங்கள். தற்காப்பு என்று போட்டால் ஒரு பிள்ளை அதை நம்பும். நம்பிப் பையைக் கீழே வைக்கும். இரண்டு எட்டு ஓடும். எனக்கு அந்தப் படம் கண்ணைவிட்டுப் போகவில்லை, உங்களுக்குப் போய்விட்டதா?

கரணம் அவர்களே, உங்களையும் கேட்கிறேன். நீங்கள் காற்றாடியோடு சேர்ந்து பழகியவர். உங்கள் கையும் விரற்கடையில் நிற்கும் கைதான். இன்றைக்கும் நிற்கும். உங்கள் பிள்ளைகளின் கையும் நிற்கிறது, நான் உங்கள் ஆண்டு விழாவைப் பார்த்தேன், கடைசி வரிசையிலிருந்து. ஒரு முகத்திலும் அடி விழவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் யாராவது கண்ணை மூடித் திறந்து, அப்புறம் குனிந்து ஒரு கம்பியை எடுத்தால், அங்கே நீங்கள் இருப்பீர்களா?

நீங்கள் தலையைக் குனிந்திருப்பதைப் பார்க்கிறேன். உங்களோடு எனக்குப் பகை உண்டு, அதை நான் மறைக்கவில்லை. அந்த மேடையில் அவரைச் சுற்றிச் சுழன்றதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் முழங்கால் பிசகின அன்றைக்கு உங்களுக்கு மூன்று வாரம் எண்ணெய் தேய்த்துவிட்டவர் அவர். அதையும் நான் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. மருத்துவமனையில் நான் அவரைப் பார்த்தேன். நெஞ்சு வலி வந்து விழுந்தவர், பேச்சு வரவில்லை, மூச்சுக் குழாய் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கண் அசைந்தது. வலது கையைத் தூக்கினார். எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா அந்தக் கை மேலே வர! என் கன்னத்தைத் தொடத்தான் வந்தது. வந்து, கன்னத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. பலம் தீர்ந்துபோனது. சரியாக ஒரு விரற்கடை. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு பயம் வந்தது, அந்தப் பயம் எதை நினைத்து என்று எனக்குத் தெரியும். நான் முகத்தை முன்னால் கொண்டுபோனேன். மிச்சமிருந்த இடத்தை நான் கடந்துவிட்டேன் தம்பி, கை பட்டுவிட்டது, பட்டுவிட்டது என்று சொன்னேன். கையைக் கீழே வைத்தார்.

அந்தக் கை பட்ட கன்னத்தோடு நின்று சொல்கிறேன். சாயங்கால வகுப்பு நிற்காது. கொட்டகைச் சாவி நடத்துநர் கையில் இருக்கிறது, மாஸ்டரே கொடுத்தது. நாளைச் சாயங்காலம் அவள் கதவைத் திறப்பாள். ஒரு வாளித் தண்ணீர் நான் கொண்டுவந்து கொட்டுவேன். சங்கம் பூட்டுப் போட்டால் வாசலில் பழகுவோம், வாசலிலும் தரை ஈரமாகத்தான் இருக்கும். கூட்டம் வருவதில்லை என்றீர்களே தலைவரே, எத்தனை பேர் வருகிறார்கள் என்று இப்போதே தெரிந்துவிடும்.

நிகழ்ச்சியில் அடுத்தது மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நின்று வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம். வாயை மூடியவர்களைத் திறக்க வைப்பதே வேலையாக இருந்த மனிதருக்கு மௌனமா? ரொட்டிக் கடைப் பெண்ணுக்கு அந்தச் சந்து செலுத்தியது போதாதா மௌனம்?

எழுந்து நில்லுங்கள். மேடையும் சேர்த்து. இந்தப் பலகையை நான் கீழே வைக்கிறேன், இனிமேல் சத்தம் இதிலிருந்து வர வேண்டாம். சுவரோரம் நிற்பவர்களுக்குப் பதில் தெரியும். மற்றவர்கள் அவர்கள் வாயைப் பார்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் மூன்று எண்ண மாட்டேன், அடி எண்ணிக்கொண்டு வருவதில்லை. என் குரல் கிழக்குரல்தான், ஆனாலும் அந்தச் சந்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி நான் ஒரு வார்த்தை சொல்லப் போகிறேன். வருவதாக இருந்தால் பதில் சொல்லுங்கள்.

விடு!